அதே 66 சதவீதம்தான்... ஒருவரிடம் முடங்கிய இன்ஜின் இன்னொருவரிடம் ஓடியது எப்படி? ஜேம்ஸ் வாட் போட்ட டீல்

ஜேம்ஸ் வாட் என்றதுமே நம்மில் பலருக்கு ஒரு கெட்டில்தான் ஞாபகத்துக்கு வரும். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, மூடி தடதடவென்று ஆடுகிறது, அதைப் பார்த்த சிறுவன் நீராவி இன்ஜினைக் கண்டுபிடிக்கிறான். ஸ்கூலில் படிச்ச கதை. ஆனால் நீராவி இன்ஜினைக் கண்டுபிடித்தவர் வாட் இல்லை. அவர் பிறப்பதற்கு 24 வருடங்களுக்கு முன்பே, 1712-ல், தாமஸ் நியூகாமன் என்பவரின் இன்ஜின் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கத் தொடங்கிவிட்டது. அந்த இன்ஜின் தின்ற நிலக்கரியைப் பாதிக்கும் கீழே குறைத்ததுதான் வாட் செய்த காரியம்.

அதற்கான ஐடியா அவருக்கு வந்தது 1765-ல். முதல் இன்ஜின் ஒரு வாடிக்கையாளரிடம் ஓடியது 1776-ல். நடுவில் 11 வருடங்கள் எங்கே போச்சு? பாதிக் காலத்தைத் தொழில்நுட்பச் சிக்கல் தின்றது. மீதியைத் தின்றது இன்றைக்கு எந்த ஸ்டார்ட்அப் நிறுவனரும் சட்டென்று புரிந்துகொள்ளும் விஷயம்: யார் பணம் போடுவது, எவ்வளவு பங்கு கொடுப்பது, யார் முடிவெடுப்பது.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. வாட்டின் கண்டுபிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 66 சதவீதம், முதலில் ஒரு முதலீட்டாளரிடம் இருந்தது. பிறகு அதே பங்கு இன்னொருவரிடம் போனது. இரண்டு முறையும் வாட்டிடம் மிஞ்சியது மூன்றில் ஒரு பங்குதான். முதல் முறை அவர் நிலம் அளந்து பிழைக்க வேண்டி வந்தது. இரண்டாவது முறை பெரும் பணக்காரர் ஆனார்.

பட்டறை வைக்க இடம் கிடைக்கலை

ஸ்காட்லாந்தின் கிரீனாக் என்ற துறைமுக ஊரில் 1736 ஜனவரி 19-ல் வாட் பிறந்தார். அப்பாவுக்குக் கப்பல் சார்ந்த தொழில், வியாபாரம். வசதியான குடும்பம்தான், ஆனால் பிறகு தொழில் நொடித்துப் போனது. 19 வயதில் லண்டனுக்குப் போய், வழக்கமாக ஏழு வருடம் பிடிக்கும் கருவி செய்யும் தொழிலை ஒரே வருடத்தில் கற்றுக்கொண்டு திரும்பினார். கிளாஸ்கோவில் பட்டறை போடலாம் என்று பார்த்தால், முழு காலம் பயிற்சி முடிக்காதவரை உள்ளூர் கைவினைஞர் சங்கம் அனுமதிக்கவில்லை என்று சொல்வார்கள். கைகொடுத்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகம். 1757-ல் வளாகத்துக்குள்ளேயே ஓர் அறை கொடுத்தது.

அங்கேதான் 1763 வாக்கில் நியூகாமன் இன்ஜினின் சின்ன மாடல் ஒன்று ரிப்பேருக்கு வந்தது. வாட் அதை ஓடவைத்துப் பார்த்தார். நாலைந்து முறை இழுத்துவிட்டு நின்றுபோனது. காரணத்தைத் தேடியபோது அவருக்குப் புரிந்தது இதுதான்: ஒவ்வொரு முறையும் அதே சிலிண்டரை நீராவியால் சூடாக்கி, உடனே தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைக்கிறார்கள். வெப்பத்தில் பெரும்பகுதி சிலிண்டரை மறுபடி சூடாக்குவதிலேயே போய்விடுகிறது. 1765-ன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோ கிரீன் புல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது விடை கிடைத்தது. நீராவியைக் குளிரவைக்கத் தனியாக ஒரு பாத்திரம் வைத்துவிட்டால் சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கும். அவ்வளவுதான் ஐடியா.

கேட்க சிம்பிளா இருக்கு. செய்யப் போனால் நீராவி கசியாத அளவுக்குத் துல்லியமான சிலிண்டர் வேண்டும். அதைக் கடைந்து தரும் ஆள் அப்போது எங்கேயும் இல்லை. சோதனை மேல் சோதனை செய்ததில் பணம் கரைந்தது. பல்கலைக்கழகத்தில் நண்பராக இருந்த வேதியியல் பேராசிரியர் ஜோசப் பிளாக் கடன் கொடுத்தார். ஒரு கட்டத்துக்கு மேல் பேராசிரியர் சம்பளத்தில் தாங்காது என்று ஆனதும், ஒரு பணக்காரத் தொழிலதிபரிடம் வாட்டை அறிமுகம் செய்துவைத்தவரும் அவர்தான்.

முதல் முதலீட்டாளர்: தகுதி இருந்தது, நேரம் இல்லை

ஜான் ரோபக் சாதாரண ஆள் இல்லை. மருத்துவம் படித்தவர். கந்தக அமிலத்தைப் பெரிய அளவில், மலிவாகத் தயாரிக்க வழி கண்டவர். 1759-ல் தொடங்கிய புகழ்பெற்ற கேரன் இரும்பு ஆலையின் நிறுவனர்களில் ஒருவர். இன்றைய கணக்கில், ஏற்கெனவே இரண்டு கம்பெனியை ஜெயித்துக் காட்டிய ஏஞ்சல் இன்வெஸ்டர்.

அவர் போட்ட டீல் இது: வாட்டின் சுமார் 1,000 பவுண்டு கடனை அவர் ஏற்றுக்கொள்வார், காப்புரிமைக்கும் மேற்கொண்டு சோதனைக்கும் ஆகும் செலவைப் பார்த்துக்கொள்வார். பதிலுக்குக் கண்டுபிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு.

கொஞ்சம் அதிகமாகத்தான் தெரியுது இல்லையா? இன்று முதல் ரவுண்டிலேயே 66 சதவீதம் கொடுத்துவிட்டு வந்தால் நண்பர்கள் திட்டுவார்கள். ஆனால் அந்தக் காலச் சூழலில் இது கொள்ளை என்று சொல்ல முடியாது. வாட்டிடம் இருந்தது ஒரு மாடலும் கடனும்தான். கம்பெனியாகப் பதிவு செய்து பங்கு விற்கும் வழியும் எளிதாக இல்லை. சதவீதத்தில் தப்பு இல்லை, தப்பு வேறு இடத்தில் இருந்தது.

ரோபக் எதற்காக இந்த இன்ஜினில் பணம் போட்டார் என்று பாருங்க. ஸ்காட்லாந்தின் போனெஸ் பகுதியில் அவர் நிலக்கரிச் சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஏறியது. பழைய நியூகாமன் இன்ஜினால் இறைத்து மாளவில்லை. வாட்டின் இன்ஜின் வந்தால் சுரங்கம் பிழைக்கும். அதாவது, சுரங்கம் காசு கொடுத்தால்தான் இன்ஜின் முடியும், இன்ஜின் முடிந்தால்தான் சுரங்கம் காசு கொடுக்கும். ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே இந்த முடிச்சு விழுந்துவிட்டது.

1769 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. அதே வருடம் ரோபக்கின் கின்னீல் மாளிகைக்குப் பின்னால் ஒரு சின்னக் கல்கட்டடத்தில், வெளியாள் கண்ணில் படாமல், முதல் பெரிய இன்ஜினைக் கட்டிப் பார்த்தார் வாட். சிலிண்டர் சரியாக உருண்டையாக இல்லை. பிஸ்டனைச் சுற்றி எண்ணெய்த் துணி, கார்க், காகிதம் என்று எதையெதையோ திணித்தும் நீராவி கசிந்தது. ரோபக்கின் கையும் வறண்டுகொண்டே வந்தது. குடும்பத்தைக் காப்பாற்ற வாட் கால்வாய்களுக்கு நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். உலகத்தை மாற்றப் போகிற காப்புரிமையைக் கையில் வைத்திருந்தவர், வருடக்கணக்கில் மழையிலும் குளிரிலும் சர்வே எடுத்துக்கொண்டிருந்தார். இன்ஜின் கின்னீலில் துருப்பிடித்தது.

ஒப்பந்தத்தில் ரோபக்கின் பங்கு எழுதப்பட்டிருந்தது. அவரால் செலவு செய்ய முடியாமல் போனால் அந்தப் பங்கு என்ன ஆகும் என்பதற்குத்தான் வழி இல்லை. இன்று முதலீட்டைத் தவணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நிபந்தனை போடுவது எதற்கு என்று யாராவது கேட்டால் கின்னீலைக் காட்டலாம்.

மூணு கவுன்டியா, முழு உலகமா?

இதற்கிடையே பர்மிங்ஹாமில் ஒருவர் இந்த இன்ஜின் மேல் கண் வைத்திருந்தார். மேத்யூ போல்டன். வாட்டைவிட எட்டு வயது மூத்தவர். பக்கிள், பொத்தான், வெள்ளிச் சாமான் செய்யும் தொழில். சோஹோ என்ற இடத்தில் அவர் கட்டிய தொழிற்சாலையைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஆலையை ஓட்டியது நீர்ச்சக்கரம். கோடையில் ஓடை வற்றினால் வேலை படுத்துவிடும். நீராவியைப் பற்றி அவர் 1766-லேயே பெஞ்சமின் பிராங்க்ளினுடன் கடிதத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

1768-ல் வாட்டும் போல்டனும் சோஹோவில் சந்தித்தார்கள். ரெண்டு பேருக்கும் பிடித்துப்போனது. ஆனால் மூன்றில் இரண்டு பங்குக்காரர் ரோபக். அவர் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது. ரோபக் போல்டனுக்கு ஒரு ஆஃபர் கொடுத்தார்: வார்விக், ஸ்டாஃபோர்டு, டெர்பி ஆகிய மூன்று கவுன்டிகளில் மட்டும் இந்த இன்ஜினைச் செய்து விற்கும் லைசென்ஸ்.

1769 பிப்ரவரியில் போல்டன் மறுத்துவிட்டார். அவர் வாதம் தெளிவானது. இந்த இன்ஜினைத் துல்லியமாகச் செய்ய வேண்டுமென்றால் அதற்கென்றே தனி ஆலை, தனிக் கருவிகள், பயிற்சி பெற்ற ஆட்கள் தேவை. அந்தச் செலவை மூன்று கவுன்டி மார்க்கெட் தாங்காது, உலகம் முழுக்க விற்பதாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். சின்ன பங்குக்குச் சின்ன ரிஸ்க் என்று சிலர் ஒத்துக்கொண்டிருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உறவை மட்டும் அறுக்காமல் வைத்திருந்தார் போல்டன். அதற்குப் பிறகும் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. நடுவில் நின்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் இருவருக்கும் நண்பரான டாக்டர் வில்லியம் ஸ்மால். கடைசியில் டீலை முடித்துவைத்தது யாருடைய சாமர்த்தியமும் இல்லை, ஒரு பொருளாதார நெருக்கடி.

ஜீரோ மதிப்பு போட்ட கடன்காரர்கள்

1772 ஜூனில் லண்டனில் ஒரு வங்கி கவிழ்ந்தது. அதோடு ஸ்காட்லாந்தின் ஏர் வங்கியும் ஆடிப்போனது. கடனில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த தொழில்கள் வரிசையாக விழுந்தன. 1773-ல் ரோபக் திவால். அவர் கடன் வைத்திருந்தவர்களில் போல்டனும் ஒருவர், தொகை 1,200 பவுண்டு என்று பெரும்பாலான வரலாறுகள் சொல்கின்றன. மற்ற கடன்காரர்கள் ரோபக்கின் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது வாட்டின் காப்புரிமைப் பங்குக்கு ஒரு பைசா மதிப்பும் போடவில்லை. போல்டன் தனக்கு வரவேண்டிய கடனுக்கு ஈடாக அந்தப் பங்கை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய வழக்கமான பார்ட்னர் ஜான் ஃபாதர்கில் இந்த இன்ஜின் வேலையே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். போல்டன் தன் சொந்தப் பொறுப்பில் இறங்கினார்.

ரோபக்குக்கு இது நியாயமா? யோசிக்க வேண்டிய கேள்விதான். அவர் போட்ட பணம் இல்லாவிட்டால் காப்புரிமையே இருந்திருக்காது. 1794-ல் அவர் இறக்கும்போது இங்கிலாந்து முழுக்க வாட் இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன, அதில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை. சந்தை மதிப்பு பூஜ்யமாக இருந்த நாளில் விற்றவர் அவர். சட்டப்படி குறை சொல்ல எதுவும் இல்லை, மனசுக்குத்தான் உறுத்துது. வாட்டுக்கும் ரோபக் பணம் தரவேண்டியிருந்தது. அதற்குப் பதில் கின்னீலில் கிடந்த அந்த அரைகுறை இன்ஜினை எடுத்துக்கொண்டு வாட் கணக்கை முடித்தார். இரும்புப் பாகங்களைப் பிரித்து, மூட்டை கட்டி, கப்பலில் பர்மிங்ஹாமுக்கு அனுப்பினார்.

அதே 1773 செப்டம்பரில், வாட் மலைப்பகுதியில் கால்வாய் சர்வேயில் இருந்தபோது, மனைவி மார்கரெட் பிரசவத்தில் இறந்துபோனார். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். 1774 மே மாதம் ஸ்காட்லாந்தை விட்டு பர்மிங்ஹாம் கிளம்பியபோது வாட்டுக்கு 38 வயது. மனைவி இல்லை, சேமிப்பு இல்லை. கையில் இருந்தது ஒரு காப்புரிமையில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கும் இன்னும் ஒன்பது வருடம்தான் ஆயுள்.

ஒரு முதலீட்டாளர் ஒரு நிறுவனரைக் கசக்கிப் பிழிய வேண்டுமென்றால் இதைவிட நல்ல தருணம் அமையாது. போல்டன் அதைச் செய்யவில்லை.

முதலில் நேரத்தை வாங்கு

போல்டன் முதலில் கவனித்தது பங்கை இல்லை, காலத்தை. காப்புரிமை 14 வருடத்துக்கு, 1783-ல் முடிந்துவிடும். இன்ஜினைச் சரிசெய்யவே சில வருடம் ஆகும். சந்தைக்கு வந்து லாபம் பார்க்கத் தொடங்கும்போது உரிமை காலாவதி ஆகிவிட்டால், போட்ட பணம் போனதுதான். எனவே காப்புரிமையை நீட்டிக்கச் சொல்லி நாடாளுமன்றத்தில் மனு. மக்களவையில் எதிர்ப்பு இருந்தது, எதிர்த்தவர்களில் எட்மண்ட் பர்க்கும் உண்டு. கடைசியில் 1775 மே மாதம் சட்டம் நிறைவேறியது. உரிமை 25 வருடத்துக்கு, 1800 வரை.

இந்தச் சமயத்தில் வாட்டுக்கு இன்னொரு வாய்ப்பும் வந்தது. ரஷ்ய அரசிடம் வேலை, வருடம் 1,000 பவுண்டு சம்பளம். கடனாளியாக இருந்த ஒரு விதவருக்கு அது பெரிய தொகை. அவர் போகவில்லை.

சிலிண்டர் பிரச்சினைக்கும் அப்போது விடை கிடைத்தது. பீரங்கிக் குழலைக் கடைய ஜான் வில்கின்சன் என்ற இரும்பு ஆலை முதலாளி உருவாக்கிய முறையை வைத்து, அவரே துல்லியமான சிலிண்டர்களைச் செய்து கொடுத்தார். கின்னீலில் எத்தனை துணி திணித்தும் அடைபடாத கசிவு இங்கே அடைபட்டது.

மாமனார் கேட்ட டாக்குமென்ட்

இப்போது அந்த ஒப்பந்தத்துக்கு வருவோம். 1776-ல் வாட் மறுமணம் செய்யத் தீர்மானித்தார். பெண், ஆன் மெக்ரெகர். அவரது அப்பா கிளாஸ்கோவில் சாயத் தொழில் செய்பவர், விவரமான ஆள். மாப்பிள்ளை போல்டனுடன் பார்ட்னர்ஷிப் என்கிறாரே, அந்தப் பத்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டார். வாட்டுக்குத் தர்மசங்கடம். ஏனென்றால் முறையான பத்திரம் எழுதப்படவே இல்லை! எல்லாம் பேச்சிலும் கடிதத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக அப்படியே வேலை நடந்திருக்கிறது.

வாட் போல்டனுக்கு அவசரமாக எழுதினார். தங்களுக்குள் முடிவானதாகத் தான் புரிந்துகொண்டிருக்கும் விஷயங்களைச் சுருக்கமாக ஒரு பட்டியலாகவும் போட்டார். அது நமக்குக் கிடைத்திருக்கிறது. படித்தால் இன்றைய டெர்ம் ஷீட் மாதிரியே இருக்கிறது, வக்கீல் பாஷை மட்டும் இல்லை.

வாட் கண்டுபிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் போல்டனுக்குக் கொடுக்கிறார். நாடாளுமன்றச் சட்டத்துக்கு ஆன செலவு, அதுவரை ஆன செலவு, இனி செய்யப் போகும் சோதனைகளின் செலவு எல்லாம் போல்டனுடையது. அந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது, திரும்பக் கேட்கவும் முடியாது. அவர் வாங்கும் பங்குக்கு அதுதான் விலை. இங்கே ஒரு நிமிஷம் நிற்கலாம். பணத்தைப் போட்டுவிட்டு, பங்கும் எடுத்துக்கொண்டு, தோற்றால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று நிறுவனர் கழுத்தில் கயிறு மாட்டும் டீல்கள் இன்றும் உண்டு. போல்டன் ஆராய்ச்சிச் செலவின் மொத்த நஷ்டத்தையும் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

தொழிலை ஓட்டத் தேவையான சரக்கு மூலதனம் வேறு கணக்கு. அதையும் போல்டனே முன்பணமாகத் தருவார், ஆனால் இதற்கு வட்டி உண்டு. அந்தச் சரக்கே அவருக்கு ஈடு. அது மூழ்கினால் வாட் தன் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. ஒரே ஆள் போடும் பணத்தை ரிஸ்க் பணம், கடன் பணம் என்று இரண்டு பானையில் பிரித்து வைத்திருப்பதைக் கவனியுங்க. முதல் பானைக்குப் பங்கு, இரண்டாவதற்கு வட்டி. ஒரே பணத்துக்கு ரெண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கூலியும் பொருட்செலவும் அந்த வட்டியும் போக, லாபம் வரத் தொடங்கிய நாளிலிருந்தே வாட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு. முதலீட்டாளர் போட்டதை எல்லாம் எடுத்த பிறகுதான் உனக்கு என்ற வரிசை இல்லை. வாட்டின் வேலை வரைபடம் போடுவது, வழிகாட்டுவது, இடத்தைப் போய் அளந்து பார்ப்பது. இன்ஜின் வேலையாக யார் பயணம் போனாலும் செலவு கம்பெனிக் கணக்கு. கணக்குப் புத்தகம் போல்டன் பொறுப்பு, வருடம் ஒருமுறை முடித்துக் காட்ட வேண்டும். முக்கியமான முடிவுகளை எழுத ஒரு நோட்டு. இருவரும் அதில் கையெழுத்துப் போட்டால் அது ஒப்பந்தத்துக்குச் சமம். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த நோட்டுதான். எல்லாவற்றையும் முன்கூட்டியே யூகிக்க முடியாது என்று ஒத்துக்கொண்டு, பின்னால் வரும் விஷயங்களுக்கு ஒரு கதவு திறந்து வைத்திருக்கிறார்கள்.

ஒருவர் தன் பங்கை வேறு ஆளுக்குக் கைமாற்றக் கூடாது. ஒருவர் இறந்தாலோ செயல்பட முடியாமல் போனாலோ, மற்றவர்தான் முழு நிர்வாகி. வாரிசுகள் கணக்கைப் பார்க்கலாம், வேலையில் தலையிட முடியாது. கூடுதல் சிரமத்துக்கு நிர்வாகி நியாயமான கமிஷன் எடுத்துக்கொள்ளலாம். ரோபக் அனுபவத்தில் சூடுபட்ட கை எழுதிய வரிகள் இவை என்று தோன்றுகிறது. அவர் விழுந்தபோது கண்டுபிடிப்பின் பெரும்பங்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாத கடன்காரர்கள் மேஜையில் போய் உட்கார்ந்ததே!

ஒப்பந்தம் 1775 ஜூன் 1 முதல் 25 வருடம் செல்லும். இருவருமே இறந்துவிட்டால் வாரிசுகள் இதே முறையில் தொடரலாம். அவர்கள் எல்லோருக்கும் சம்மதம் என்றால் ஒப்பந்தத்தைக் கொளுத்திவிடவும் செய்யலாம். ஆமாம், கொளுத்தலாம் என்றே இருக்கிறது. மாமனார் திருப்தி அடைந்தாரோ என்னவோ, கல்யாணம் நடந்தது.

மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு

1776 மார்ச்சில் டிப்டன் ஊரின் புளூம்ஃபீல்டு சுரங்கத்தில் முதல் இன்ஜின் ஓடியது. வில்கின்சனின் இரும்பு உலைக்குக் காற்று ஊத இன்னொன்று. ஆர்டர்கள் வரத் தொடங்கின. வாடிக்கையாளரிடமும் இவர்கள் போட்ட டீல் வித்தியாசமானது. இன்ஜினை ஒரு விலைக்கு விற்கவில்லை. பாகங்களை வாடிக்கையாளரே வாங்கிக்கொள்ள வேண்டும், சிலிண்டர் பெரும்பாலும் வில்கின்சனிடம். வரைபடமும் சில நுட்பமான பாகங்களும் மேற்பார்வையும் இவர்களுடையது. கட்டணம்? பழைய இன்ஜினோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு உதாரணத்துக்கு, பழைய இன்ஜினுக்கு 900 ரூபாய் நிலக்கரி, புதியதுக்கு 300 ரூபாய் என்று வெச்சுக்கலாம். மிச்சம் 600. அதில் 200 இவர்களுக்கு, 400 வாடிக்கையாளருக்கு. இன்ஜின் மிச்சம் பிடிக்கவில்லை என்றால் கட்டணமும் இல்லை.

இன்ஜின் எத்தனை தடவை இழுத்தது என்று எண்ண ஒரு கருவியைப் பொருத்தி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். வாடிக்கையாளர் கை வைக்க முடியாது. இன்றைய சாஃப்ட்வேர் கம்பெனிகள் பயன்பாட்டுக்கு ஏற்ப பில் போடுவதன் கொள்ளுத்தாத்தா அது.

கார்ன்வால் சுரங்கங்கள்தான் பெரிய சந்தை. அங்கே தகரமும் செம்பும் உண்டு, நிலக்கரி கிடையாது. வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டும், விலை அதிகம். எனவே புது இன்ஜினுக்கு அடித்துப்பிடித்து ஆர்டர். ஆரம்பத்தில் கொண்டாடினார்கள். சில வருடம் போனதும் கணக்கு வேறு மாதிரி தெரிந்தது. பழைய இன்ஜினை எடுத்துப் போட்டு நாளாகிவிட்டது, அது எவ்வளவு தின்றது என்பது மறந்துவிட்டது. ஆனால் மாதாமாதம் பர்மிங்ஹாமுக்குப் பணம் போய்க்கொண்டே இருந்தது. மிச்சத்தில் பங்கு என்பது வரி மாதிரி ஆகிவிட்டது. பணம் தராமல் இழுத்தடிப்பதும் மனு போடுவதும் தொடங்கியது. பல இடங்களில் எண்ணும் கருவியை விட்டுவிட்டு வருடத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகைக்கு மாறினார்கள். பிறகு சக்கரம் சுற்றும் இன்ஜின்கள் வந்தபோது குதிரைத்திறன் கணக்கு: ஒரு குதிரைத்திறனுக்கு வருடம் 5 பவுண்டு, லண்டனில் 6 பவுண்டு. வாட் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்த அலகு, பில் போடவும் பயன்பட்டது.

வாட் பயந்தார், போல்டன் கடன் வாங்கினார்

வெளியிலிருந்து பார்க்க வெற்றிக்கதை. உள்ளே பணத் தட்டுப்பாடு. ராயல்டி மெதுவாகத்தான் வரும், செலவு முன்னால் போகும். போல்டனின் மற்ற தொழில்கள் நஷ்டத்தில். நிலபுலன்களை விற்றார், அடகு வைத்தார். வங்கிகளில் கடன் வாங்கினார். ஒரு கட்டத்தில் இன்ஜின் ராயல்டியையே ஈடாகக் காட்ட வேண்டி வந்தது. அங்கேதான் உரசல். சுபாவத்திலேயே கவலைப்படுகிற ஆள் வாட், தலைவலி வேறு விடாமல் துரத்தும். கடனைக் கண்டால் அவருக்கு நடுக்கம். ரோபக் விழுந்த மாதிரி போல்டனும் விழுந்தால் தன் கண்டுபிடிப்பு மறுபடி ஏலத்துக்குப் போகும். கார்ன்வாலின் ஈரக்காற்றில் இன்ஜின்களைப் பார்த்துக்கொண்டே கவலையாகக் கடிதங்கள் எழுதித் தள்ளினார்.

உறவு முறியவில்லை. ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்தது அங்கே உதவியது. பேரம் பேசுவது, வசூல் செய்வது என்றாலே வாட்டுக்கு அலர்ஜி, அது போல்டனின் கை வந்த கலை. சுரங்கத்தில் தண்ணீர் இறைப்பதோடு நிற்காமல் ஆலைகளின் சக்கரத்தையும் இந்த இன்ஜின் சுற்ற வேண்டும் என்று 1781-ல் நெருக்கியவர் போல்டன்தான். வாட் முனகிக்கொண்டே செய்தார். அந்த வருடமே அதற்கான காப்புரிமை, பின்னாலேயே இரட்டைச் செயல் இன்ஜின், இணை இயக்க அமைப்பு என்று வரிசையாக வந்தன. நூற்பாலை, மாவு மில், மதுபான ஆலை எல்லாம் வாடிக்கையாளர் ஆயின. 1780-களின் கடைசியில் கையில் நிஜமாகவே பணம் நின்றது.

வெளியே நின்றவர்கள்

இந்த டீல் இரண்டு பேருக்குள் நியாயமாக இருந்தது. மேஜையில் உட்காராதவர்களுக்கு? 25 வருட உரிமை மற்ற இன்ஜினீயர்களின் கையைக் கட்டியது. இரண்டு சிலிண்டர் வைத்த இன்ஜினுக்கு 1781-ல் காப்புரிமை வாங்கினார் ஜோனதன் ஹார்ன்புளோயர். அவர் தன் உரிமையை நீட்டிக்க 1792-ல் நாடாளுமன்றத்துக்குப் போனபோது போல்டன், வாட் தரப்பு எதிர்த்தது, கிடைக்கவில்லை. தங்களுக்கு 1775-ல் திறந்த அதே கதவு! எட்வர்டு புல் போன்றவர்கள் மேல் வழக்கு. 1795-ல் நீதிபதிகளே இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்தார்கள். 1799-ல்தான் இறுதியாக வாட் பக்கம் தீர்ப்பு. கார்ன்வாலில் நிலுவையில் கிடந்த ராயல்டி வசூலாகத் தொடங்கியது.

உயர் அழுத்த நீராவியை வாட் ஆபத்து என்று நினைத்தார். காப்புரிமை முடிந்த 1800-க்குப் பிறகு ரிச்சர்ட் டிரெவிதிக் போன்றவர்கள் அந்தப் பாதையில் வேகமாக ஓடினார்கள், ரயில் இன்ஜின் அங்கிருந்துதான் வந்தது. வாட்டின் உரிமை தொழில்புரட்சியை வேகப்படுத்தியதா, தாமதப்படுத்தியதா என்று பொருளாதார அறிஞர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். 14 வருடம் மட்டும் என்றால் போல்டன் உள்ளேயே வந்திருக்க மாட்டார் என்பது ஒரு பக்கம். அதற்காக 31 வருடம் ஒரே வீட்டுக் கதவில் பூட்டுச் சாவியா என்பது மறுபக்கம். இந்த விஷயத்தில் எனக்குக் கார்ன்வால்காரர்கள் மேல் கொஞ்சம் அனுதாபம் உண்டு.

1800-ல் ஒப்பந்தம் சொன்ன நாளில் முடிந்தது. அதுவரை அவர்கள் பெயரில் சுமார் 450 இன்ஜின்கள் ஓடின. இருவரும் ஒதுங்கிக்கொள்ள, மகன்கள் ஜேம்ஸ் வாட் ஜூனியரும் மேத்யூ ராபின்சன் போல்டனும் புதிய பார்ட்னர்ஷிப் தொடங்கினார்கள். பத்திரத்தை யாரும் கொளுத்தியதாகத் தெரியவில்லை. போல்டன் 1809 ஆகஸ்டில் இறந்தார். வாட் அதற்குப் பிறகும் பத்து வருடம், வீட்டு மாடியில் ஒரு பட்டறை வைத்து, சிலைகளை நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றை நோண்டிக்கொண்டிருந்தார். அதில் யாரிடமும் முதலீடு கேட்கவில்லை. 1819 ஆகஸ்ட் 25-ல் காலமானார். பர்மிங்ஹாமின் ஹேண்ட்ஸ்வொர்த் தேவாலயத்தில்தான் இருவரின் கல்லறைகளும். 2011-ல் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட 50 பவுண்டு நோட்டில் இரண்டு பேரின் படமும் ஒன்றாக இருந்தது.